வாங்கிய தவணையும் கொடுத்த தவணையும்

தன் சொந்தப் பணத்தை வட்டிக்குக் கொடுப்பவனும், பிறரிடம் பணம் வாங்கி அதனையே மீண்டும் வட்டிக்குக் கொடுப்பவனும் ஒரே தொழிலைச் செய்பவர்களாகவே உலகத்தார் கண்ணுக்குத் தோன்றுகின்றனர். ஆயினும், முன்னவன் கணக்குப் பிசகினால் அவன் குடும்பம் ஒன்றே நலியும். பின்னவன் பிசகினாலோ, ஓய்வுபெற்ற நாளில் கிடைத்த தொகையை மொத்தமாகக் கொண்டுவந்து ஒப்படைத்த ஆசிரியரும், மகள் கல்யாணத்திற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த தாயும், ஒரு நாள் காலையில் பூட்டிய கதவின்முன் வந்து நிற்க நேரிடும். தென்னிந்தியாவில் இந்நிலை 1906-இலும் நேர்ந்தது, 1938-இலும் நேர்ந்தது, 1990-களின் இறுதியில் ஊருக்கு ஊர் நேர்ந்தது. ஆகவே, ஒரு தனிமனிதன் நிதித் தொழிலில் இறங்கி வெற்றி காண்பது எவ்வாறு என்னும் வினா, அம்மனிதனுடைய சொந்த க்ஷேமத்தோடு முடிந்துவிடுவதன்று.

முதல் வேண்டும், துணிவு வேண்டும், நாணயம் வேண்டும் என்று இவ்வினாவிற்கு விடை கூறுவது வழக்கம். அவ்விடை பொய்யன்று, ஆனால் அம்மூன்றும் ஒருங்கே வாய்த்திருந்தும் வீழ்ந்தவர்களின் சரித்திரம் நம்மிடையே இருப்பதால், அது போதுமான விடையும் அன்று. சென்ற நூற்றைம்பது ஆண்டுகளில் இந்நாட்டில் எழுந்த நிதி ஸ்தாபனங்களின் உயர்வையும் தாழ்வையும் வரிசையாக வைத்து நோக்குமிடத்து, இத்தொழிலின் உயிர்நிலை வட்டி வீதத்தைவிடத் தவணையிலேதான் இருக்கிறது என்னும் முடிவே என் உள்ளத்தில் வலுப்பெறுகின்றது. பணத்தை எத்தனை மாதத்திற்கு வாங்கினோம், எத்தனை மாதத்திற்குக் கொடுத்தோம், கொடுத்த பணம் கடனாளியின் எந்த வருமானத்திலிருந்து எந்த நாளில் திரும்பி வரும் என்பவற்றைத் தெளிவாக அறிந்தவர்கள் குறைந்த வட்டியிலும் நிலைத்தார்கள். அறியாதவர்களுக்குக் கொழுத்த வட்டியும் கைகொடுக்கவில்லை.

இந்த ஆராய்ச்சியை நாட்டுக்கோட்டை நகரத்தாரிடமிருந்து தொடங்குவதே முறை. வானம் பார்த்த செட்டிநாட்டுப் பூமியிலிருந்து புறப்பட்டு, இலங்கை, பர்மா, மலேயா, சுமத்திரா, சைகோன் என்று கடல் கடந்து சென்று, எழுதிய ஏடுகளையும் கொடுத்த வாக்கையும் பிரதான சாதனங்களாகக் கொண்டு அவர்கள் நடத்திய லேவாதேவி, உலகின் பெரிய பாங்கிங் அமைப்புகளோடு வைத்து எண்ணத்தக்கது. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருக்கும் முதலாளியின் விலாசம் கடையின் பெயராக விளங்க, கடல் கடந்த ஊரில் அக்கடையை நடத்தியவர், மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளம் பேசி அனுப்பப்பட்ட மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள்; அவருக்கும் கீழே, கணக்குப் பெட்டியின் அருகே உட்கார்ந்து தொழில் பழகும் பெட்டியடிப் பையன். முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முதல், காணி, மா என்னும் சிற்றிலக்கங்களையெல்லாம் மனக்கணக்காகப் போடப் பழகிய இப்பையன், தக்க வயது வந்ததும் அடுத்தாளாகி, பின் மேலாளாகி, ஈற்றில் தானே ஒரு சிறு கடைக்கு முதலாளியாவதும் உண்டு. ஒரு தொழிலாளி முதலாளியாவதற்குரிய ஏணியைத் தன்னுள்ளேயே அமைத்திருந்த இம்முறை, இன்றைய நிறுவனங்கள் பெரும்பொருள் செலவிட்டும் எளிதில் எய்த முடியாத ஒன்றாகும். மெடான் நகரத்து வட்டிக்கடைகளில் நிகழ்ந்த இந்த வாழ்க்கையைப் ப. சிங்காரம் தம் நாவல்களில் உயிரோடு எழுதிவைத்திருக்கிறார்.

தவணைத் தவணையாக மேலாள் ஊர் திரும்புவதும், அவர் இடத்திற்குப் புதியவர் போய்க் கணக்கை ஒப்புக்கொள்வதும், ஒருவர் செய்த கடனை இன்னொருவர் கண் பார்த்துவிடும்படி செய்தன. இதைக்காட்டிலும் சிறந்த தணிக்கை வேறு இல்லை. மாதந்தோறும் ரங்கூன் முகல் தெருக் கோயிலில் நகரத்தார் கூடி, தங்களுக்குள் வழங்கும் நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். ஒரு கடைக்கு நெருக்கடி நேர்ந்தால் மற்றொரு கடை கைமாற்றாகப் பணம் கொடுக்கும். உண்டியல் என்னும் பணமாற்றுச் சீட்டு எழுதினால் அது எந்த ஊரிலும் செல்லும். ஐந்தொகை போட்டால் ஒரு காசும் பிசகாது. கடைக்கணக்கில் கோயிலுக்கும் தர்மத்திற்கும் மகமை என்று ஒரு பங்கு ஒதுங்கியது. பர்மா மாகாண பாங்கிங் விசாரணைக் குழு 1929-30-இல் கணக்கெடுத்தபோது, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன என்றும், அவற்றில் புழங்கிய மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. சூயஸ் கால்வாய் 1869-இல் திறக்கப்பட்டு அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தபின், ஐராவதி ஆற்று முகத்துவாரக் காடுகளெல்லாம் நெல் வயல்களாக மாறியதற்கு, இப்பணமே பெரிதும் ஆதாரமாயிற்று.

இத்துணைச் சிறந்த அமைப்பு எங்கே தவறியது? விவசாயிக்கு நடவுக்காகக் கொடுத்த பணம் அறுவடையில் திரும்பிவந்தவரையில் தொழில் தவணையோடு பொருந்தியிருந்தது. ஆனால் நிலத்தை அடமானமாகப் பெற்றுக் கொடுத்த பெருங்கடன்களோ, நெல் விலை குன்றாதிருக்கும் என்ற எதிர்பார்ப்பின்மீது நின்றன. 1929-இல் தொடங்கிய உலக மந்தத்தில் நெல் விலை பாதியாகவும் அதற்குக் கீழாகவும் வீழ்ந்தது. கடனாளியிடம் கொடுப்பதற்கு நிலம் தவிர வேறொன்றும் இல்லை. கீழ்ப்பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில், 1930-இல் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு நகரத்தார் கையில் இருந்தது. 1938-இல் அது 25 பங்காகிவிட்டது. வெளியார்க்கு இது செல்வத்தின் பெருக்கமாகக் காணப்பட்டது. உண்மையில் இது, திரும்பிவர வேண்டிய ரொக்கம் திரும்பாமல் சேற்றில் உறைந்துபோனதன் அடையாளம். லேவாதேவிக்காரர்கள் தங்கள் விருப்பத்திற்கு மாறாக நிலப்பிரபுக்களாயினர். தன் பாட்டன் திருத்திய வயலை இழந்து அதிலேயே குத்தகைக்காரனாக நின்ற பர்மியக் குடியானவனின் துயரம், இவ்விழப்பைக் காட்டிலும் சிறியதன்று. அத்துயரம் பிற்பாடு இந்தியரின்மேல் கடும் வெறுப்பாக வெடித்தது. 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது பலர் கால்நடையாகவே நாடு திரும்பினர். சுதந்திர பர்மா 1948-இல் நிலங்களைத் தேசவுடைமையாக்கச் சட்டம் செய்தது. மூலதனத்தில் பெரும்பங்கு நகரத்தாரின் சொந்த முதலாகவே இருந்தமையால், முதலீட்டாளர்கள் அழிந்துபோகும் விபத்து ஓரளவு தடுக்கப்பட்டது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

சொந்த முதல் குறைந்து பிறர் முதல் மிகுந்த இடத்தில் நிகழ்வது யாதென்பதற்குச் சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனியே சாட்சி. பாரி, பின்னி ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்பட்ட இந்தப் புராதன வணிக மாளிகை, மாகாணத்து ஜமீன்தார்கள் முதல் குமாஸ்தாக்கள்வரை ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பைப் பெற்று வைத்திருந்தது. கேட்டவுடன் திருப்பித் தரவேண்டிய அப்பணம், இலண்டனிலிருந்த கூட்டு நிறுவனத்தின் வழியாக, எளிதில் மீளாத ஊக முயற்சிகளில் முடங்கிற்று. 1906 அக்டோபரில் கம்பெனி கதவடைத்தது. இலண்டன் பங்காளி உயிரை மாய்த்துக்கொண்டார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அவ்விழப்பில் கடன்கொடுத்தோர் சார்பில் வழக்காடிய மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், அழுது முடிந்தவுடன் அடங்கிவிடாமல், இந்தியர் பணத்தை இந்தியரே காக்கும் பாங்கு ஒன்று வேண்டும் என்று முயன்றார். இராமசாமிச் செட்டியார் முதலான நகரத்தாரும் கைகொடுக்க, 1907-இல் இந்தியன் பாங்கு பிறந்தது. முப்பதாண்டுகள் கழித்து, 1937 பிப்ரவரியில், எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கியபோது, அதனைச் சென்னை, காரைக்குடி, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்தார். லேவாதேவியின் பழைய பாதைகளை அறிந்த ஒருவர், அவற்றின்மீது அந்நியச் செலாவணி என்னும் புதிய வியாபாரத்தை அமைத்தார் என்று இதனைக் கொள்ளலாம். 1969 ஜூலை 19-இல் அரசு ஏற்ற பதினான்கு பாங்குகளில் இவ்விரண்டும் அடங்கும்.

பாங்குகளின் வீழ்ச்சி ஆர்பத்நாட்டோடு ஒழிந்துவிடவில்லை. 1938-இல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கும், 1960-இல் பாலாய் சென்ட்ரல் பாங்கும் வீழ்ந்தன. பின்னதன் விளைவாக 1962 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்து, 1,500 ரூபாயில் தொடங்கி, 2020 முதல் 5 இலட்சம் ரூபாயாக நிற்கின்றது. இக்காப்பீடு பாங்குகளுக்கு மாத்திரமே உரியது; சீட்டுக் கம்பெனியிலோ பைனான்ஸ் கம்பெனியிலோ போட்ட பணத்திற்கு அது கிடையாது என்னும் செய்தி இன்றும் பலரை எட்டவில்லை.

தவணைப் பிணக்கு எழாதவாறு தானாகவே அமைந்த இரு முறைகள் தமிழ்நாட்டில் வழங்கி வருகின்றன. ஒன்று ஏலச்சீட்டு. இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் வீதம் இருபது மாதம் கட்டும் ஓர் இலட்ச ரூபாய்ச் சீட்டை எடுத்துக்கொள்வோம். அவசரமுள்ளவர் 30,000 ரூபாய் தள்ளி ஏலம் கேட்டு 70,000 ரூபாயை எடுத்துக்கொள்கிறார். தள்ளுத்தொகையில் நடத்துபவரின் கமிஷன் நூற்றுக்கு 5 வீதம் 5,000 ரூபாய் போக, மிகுந்த 25,000 ரூபாய் இருபது பேருக்கும் ஆளுக்கு 1,250 ரூபாய் கழிவாகப் பங்கிடப்படும். ஒவ்வொரு மாதமும் வந்த பணம் அம்மாதமே வெளியேறிவிடுவதால், நடத்துபவன் குறுகிய தவணைக்கு வாங்கி நீண்ட தவணைக்குக் கொடுத்தான் என்னும் குற்றத்திற்கு இடமில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கின்றது: முதல் மாதங்களில் சீட்டெடுத்தவர் பின் மாதங்களில் கட்டாமல் நின்றால், அக்குறையை நடத்துபவனே ஈடுசெய்தாக வேண்டும். எனவே சீட்டு நடத்துபவனின் திறமையெல்லாம், எடுப்பவருக்கு ஜாமீன் யார் என்று பார்ப்பதில் அடங்கியுள்ளது. 1982-ஆம் ஆண்டின் மத்திய சீட்டுநிதிச் சட்டம் கமிஷனுக்கு வரம்பும், சீட்டுத் தொகைக்கு ஈடான வைப்பும் விதித்தது. அவ்வரம்பு 2019-இல் 7 வீதமாக உயர்த்தப்பட்டது. மற்றொன்று நிதி. 1872-இல் தோன்றிய மயிலாப்பூர் இந்து பெர்மனெண்ட் பண்டைப் போன்ற ஸ்தாபனங்கள், அங்கத்தினரிடமே பணம் வாங்கி, அங்கத்தினருக்கே நகையின்மேலும் வீட்டின்மேலும் கடன் கொடுத்தன. வளர்ச்சி மெதுவானது, ஆயினும் நூற்றைம்பது ஆண்டுகள் தாண்டி நிற்கும் தொழிலை மெதுவானது என்று குறைகூற நமக்கு உரிமையில்லை.

சுதந்திரத்திற்குப் பின் தோன்றிய நிதித் தொழில் முனைவோருள், என் மதிப்பில் முதலிடம் பெறுவோர் லாரியைக் கண்டவர்கள். டி.எஸ். சந்தானம் 1954-இல் இரண்டு இலட்ச ரூபாய் மூலதனத்தோடு சுந்தரம் பைனான்ஸைத் தொடங்கினார். பாங்குகள் ஆலைக்கும் சரக்குக்கும் கடன் கொடுத்தனவே தவிர, ஒரே ஒரு லாரியை வாங்கி ஓட்ட விரும்பும் மனிதனைத் திரும்பியும் பார்க்காத காலம் அது. லாரி என்பதோ மாதந்தோறும் வாடகை சம்பாதிக்கும் பொருள், அதன் கடனும் மாதத் தவணையாகவே அடைகின்றது, தவணை முடியுமுன் வண்டி தேய்ந்து ஒழிவதுமில்லை, ஆர்.சி. புத்தகத்தில் ஹயர் பர்ச்சேஸ் என்று பதிந்திருப்பதால் எளிதில் விற்கவும் இயலாது. நெல் வயலின்மேல் கொடுத்த கடனுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையைப் பார்க்கும்போது, தவணையின் தத்துவம் கண்முன்னே விளங்குகின்றது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்களில் டிரைவராகவும் கிளீனராகவும் தொடங்கியவர்கள் லாரி உரிமையாளர்களானதற்கு, இவ்வகைக் கடனே வழிகோலியது.

ஆர். தியாகராஜன் இதனினும் ஓர் அடி தாழ இறங்கிப் பார்த்தார். கணிதமும் புள்ளியியலும் கற்று, நியூ இந்தியா அஷ்யூரன்ஸில் பல ஆண்டுகள் பணியாற்றிய அவர், 1974-இல் ஸ்ரீராம் சீட்டுக் கம்பெனியைத் தொடங்கி, பின்னர்ப் பழைய லாரி வாங்குவோர்க்குக் கடன் கொடுப்பதில் ஸ்தாபனத்தை வளர்த்தார். பழைய லாரிக்காரனுக்குக் கணக்குப் புத்தகம் இல்லை, வருமான வரிச் சான்று இல்லை. ஆகவே அவன் நம்பத்தகாதவன் என்பது பாங்குகளின் சித்தாந்தம். அவன் கொடுக்கும் வட்டி மிகுதியானதற்குக் காரணம் அவனுடைய நாணயக் குறைவன்று, அவனை அறிந்து கொடுப்பார் இல்லாமையே என்பது தியாகராஜனின் துணிபு. வண்டியையும், வழித்தடத்தையும், அவன் இயங்கும் லாரிப்பேட்டையையும் அறிந்த ஊழியரைக் கொண்டு அவனை மதிப்பிட்டால், வட்டியையும் குறைக்கலாம், நஷ்டத்தையும் குறைக்கலாம் என்று காட்டினார். தம் பங்குகளைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் ஊழியர் நலனுக்கான டிரஸ்டுக்கு அவர் வழங்கிவிட்டது, இந்நாட்டு வணிக சரித்திரத்தில் அபூர்வமான செயல். அதனை நான் மிகுந்த மரியாதையோடு எண்ணுகிறேன்.

இனி இத்தொழிலின் இலாபக் கணக்கைச் சிறிது நோக்குவோம். ஓர் உதாரணமாக, 100 ரூபாயை 11 ரூபாய் வட்டிக்கு வாங்கி 18 ரூபாய் வட்டிக்குக் கொடுத்தால் 7 ரூபாய் மிச்சம் என்று புதியவர்கள் மகிழ்ந்துபோவதுண்டு. கிளை வாடகை, சம்பளம், வசூல் செலவு ஆகியவற்றுக்கு 4 ரூபாயும், வராக்கடனுக்கு 2 ரூபாயும் போனபின் நிற்பது ஒரே ரூபாய், வரியும் அதிலிருந்துதான். வராக்கடன் 2-இலிருந்து 4 ஆனால், அந்த ஒரு ரூபாயும் போய், முதலிலிருந்து ஒரு ரூபாய் கரையும். இக்கணக்கைக் கடனாளியிடமும் ஒளிவு மறைவின்றிச் சொல்லவேண்டிய கடமை உண்டு. 12 வீத வட்டி என்று சொல்லி, ஓர் இலட்ச ரூபாய்க்கு இரண்டாண்டு வட்டியை முன்னதாகவே கூட்டி 24 தவணையாக வாங்கினால், குறையும் பாக்கியின்மேல் கணக்கிடும்போது உண்மை வட்டி 21 வீதத்தைத் தாண்டிவிடுகின்றது. இதனைச் சொல்லாமல் மறைப்பவன் ஒரு முறை இலாபம் அடையலாம். அடுத்த கடனுக்கு அந்த வாடிக்கைக்காரர் வரமாட்டார்.

இக்கணக்கில் ஒரு மாயமும் உண்டு. விரைவாக வளரும் ஸ்தாபனத்தில் வராக்கடன் கண்ணுக்குத் தெரியாது. இன்று கொடுத்த கடன் இன்றே கெடுவதில்லை. கெடுவதற்கும் பல மாதங்கள் வேண்டும். அதற்குள் புதுக் கடன்கள் இரு மடங்கானால், மொத்தத்தில் கெட்டதன் வீதம் சிறிதாகவே காணப்படும். வளர்ச்சி நின்ற மாதத்தில்தான் உண்மை வெளிப்படும். 1990-களில் தமிழ்நாட்டு நகரங்களில் தெருவுக்குத் தெரு முளைத்த பைனான்ஸ் கம்பெனிகள், பாங்கு வட்டியைப் பன்மடங்கு மீறிய வட்டி தருவதாகச் சொல்லி வாங்கிய பணத்தில், பழையவர்க்கு வட்டி கொடுக்கப் புதியவர் பணத்தையே நம்பி, புதியவர் வரவு நின்றவுடன் சரிந்தன. அவ்விழப்பின்பின், 1997-இல் தமிழ்நாடு அரசு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டே ரிசர்வ் பாங்குச் சட்டமும் திருத்தப்பட்டு, பைனான்ஸ் கம்பெனிகள் பதிவு பெறுவதும், குறைந்தது 25 இலட்ச ரூபாய் நிகர சொந்த நிதி வைத்திருப்பதும் கட்டாயமாயின. புதிதாகத் தொடங்குவோர்க்கு இத்தொகை இன்று 10 கோடி ரூபாய்.

2010-இல் ஆந்திரத்தில் சிறுகடன் ஸ்தாபனங்கள் ஒரே வீட்டுப் பெண்ணுக்கு மூன்று நான்கு கம்பெனிகளாகப் போட்டியிட்டுக் கடன் கொடுத்ததும், அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தவுடன் வசூல் அடியோடு நின்றதும், ஒரே மாநிலத்தில் எல்லாக் கடனையும் குவித்தவர்களை வீழ்த்தின. 2018-இல் ஐ.எல். அண்டு எப்.எஸ். என்னும் பெரு ஸ்தாபனம், ஏறத்தாழ 90,000 கோடி ரூபாய்க் கடனோடு தவணை தவறியபோது, சாலைகளும் மின்நிலையங்களும் இருபதாண்டுகளில் ஈட்டித்தரும் வருவாயை நம்பி, குறுகிய காலத்திற்கு வாங்கிய பணத்தை முடக்கியிருந்தது அம்பலமாயிற்று. ஆர்பத்நாட்டின் காலத்திற்கும் இதற்கும் இடையே நூற்றுப்பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

கடன் கொடுக்காமல், காப்பீட்டையும் மியூச்சுவல் பண்டையும் விற்றுத் தரகு பெறும் தொழிலும் நிதித் தொழிலே. அதற்குப் பெரு முதல் வேண்டியதில்லை. ஆனால் அதன் வருமானம் சட்டத்தின் ஒரு வரியில் நிற்கின்றது: 2009 ஆகஸ்டு முதல் மியூச்சுவல் பண்டுகளில் நுழைவுக் கட்டணத்தைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி நீக்கியபோது, அதனையே நம்பியிருந்த முகவர்களில் பலர் தொழிலைவிட்டு வெளியேறினர்.

வசூலைப் பற்றிச் சொல்லாமல் விடுவது தகாது. தவணை தவறியவன் வீட்டு வாசலில் நான்கு பேர் நின்று கூச்சலிடும் முறை, தண்டலிலும், மீட்டர் வட்டியிலும், கந்துவட்டியிலும் பழக்கமானது. அதனால் உயிர்கள் போயின. அதன் காரணமாகவே 2003-இல் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் வந்தது. தவணை தவறுவதற்கு முந்திய மாதத்திலேயே கடனாளியின் வீட்டில் நோயா, லாரி பழுதா, மழை பொய்த்ததா என்று அறிந்து, தவணையை மாற்றி அமைத்துக் கொடுப்பவனுக்கே முதல் திரும்பிவந்திருக்கிறது. கடன் கொடுத்த ஊழியனே வசூலுக்கும் போகவேண்டும் என்னும் விதி, ஒரு சிறு ஸ்தாபனத்துக்குள் பல தவறுகளை நேராதபடி தடுத்துவிடும். பொய் வருமானம் எழுதிக் கொடுத்தவன், அதே வாசலில் தானே போய் நிற்கவேண்டியிருக்கும் அல்லவா?

இப்பொழுது கடன், கைப்பேசியின் வழியாகச் சில நிமிஷங்களில் வந்துவிடுகின்றது. கடனாளியின் முகத்தையோ ஊரையோ பார்த்தவர் ஒருவரும் இல்லை. கொடுக்கும் பணம் பாங்கினுடையது, தேர்ந்தெடுக்கும் செயலி இன்னொருவருடையது, வசூலிப்போர் மூன்றாமவர். ரிசர்வ் பாங்கு 2022-இல் பணம் நேரே கடனாளியின் கணக்கிற்கே போகவேண்டும் என்று வழிமுறைகள் வகுத்து, 2023 ஜூனில், செயலிக்காரர் ஏற்கும் நஷ்ட உத்தரவாதத்திற்கு 5 வீதம் உச்சவரம்பிட்டது. அவ்வாண்டு நவம்பரில், ஈடில்லாத நுகர்வோர் கடன்களுக்குப் பாங்குகள் ஒதுக்கவேண்டிய மூலதனத்தையும் உயர்த்தியது. 5 வீதத்திற்கு மேற்பட்ட நஷ்டம் முழுவதும் பாங்கினுடையதானால், கடனாளியை அறிந்துகொள்ளும் பொறுப்பும் பாங்கினுடையதே ஆகவேண்டும். அப்பொறுப்பைச் செயலியிடம் விட்டுவிட்ட பாங்குகள், சம்பளம் நின்றுபோகும் ஒரு கெட்ட ஆண்டை இக்கடன்களோடு எதிர்கொள்ள நேரும்போது, யாரை அனுப்பி, எந்த வாசலில், யார் பெயரைச் சொல்லி அழைக்கப்போகின்றன என்பதை, கடன் கொடுக்கும் இந்நாளிலேயே எழுதிவைத்துக்கொள்ளட்டும்.